பொட்டு வைத்த பறவைகள்

என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறது. பொண்ணு என்ன வேலை பார்க்கிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். செத்த குருவிகளை அடுக்கி வைக்கிற வேலை என்று நானே பதில் சொன்னேன். "காலேஜ் மியூசியத்துல இருக்குதுங்க, நல்ல வேலைங்க" என்று அப்பா குறுக்கே புகுந்து சமாளிக்கப் பார்த்தார். அதற்குள் அந்த அம்மாவின் முகம் கோணிவிட்டது. கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போனதும் அம்மா என்னைத் திட்டிய திட்டு எஸ்டேட் குடியிருப்பில் அடுத்த லைன் வரை கேட்டிருக்கும். மிச்சமிருந்த பஜ்ஜியை நானும் அப்பாவும் தின்றோம்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஊட்டியில் ஒரு கல்லூரியின் பின்கட்டில், வெயில் எட்டிப் பார்க்காத ஓர் அறையில் எனக்கு வேலை. தகரப் பெட்டிகளிலும் மர இழுப்பறைகளிலும் பாடம் செய்த பறவைகள் மல்லாந்து படுத்திருக்கும். கண் இருந்த இடத்தில் பஞ்சு. இரண்டு கால்களும் குறுக்காகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தக் காலில் நூல் கோத்த ஒரு சின்ன அட்டை தொங்கும். பாச்சை உருண்டை வாசனை என் புடவையை விட்டுப் போகவே போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நான் பீரோவிலிருந்து எழுந்து வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

எதற்கு இத்தனை பிணம் என்று எங்கள் லைனில் எல்லோரும் கேட்பார்கள். நான் பொறுமையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நூறு வருடத்துக்கு முன்னால் செத்த கழுகின் இறகையும் நேற்று செத்த கழுகின் இறகையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடையில் நாம் தண்ணீரில் என்ன விஷத்தைக் கலந்தோம் என்று தெரியும். பழைய முட்டை ஓட்டின் கனத்தையும் புது ஓட்டின் கனத்தையும் அளந்தால், குஞ்சு ஏன் பொரிக்கவில்லை என்று தெரியும். இந்தப் பறவை முன்பு எந்தெந்தக் காட்டில் இருந்தது, இப்போது எங்கே இல்லை என்று கணக்குப் பார்க்கலாம். செத்ததை வைத்துத்தான் இருப்பதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு, "அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?" என்பார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் உயிர் அந்தக் கால் அட்டையில் இருக்கிறது. நாங்கள் அதை லேபிள் என்போம். எந்த இடத்தில், எந்த நாளில், யார் பிடித்தது என்று பிடித்தவர் கையாலேயே எழுதியிருக்கும். லேபிள் போய்விட்டால் அப்புறம் அது பஞ்சு அடைத்த தோல்தான். இன்னொரு விதி உண்டு. தொலைந்துபோன லேபிளை ஊகத்தில் எழுதக்கூடாது. நமக்கு நிச்சயமாகத் தெரியும் என்றாலும் எழுதக்கூடாது. ஒன்றில் கை வைத்தால், அந்த அறையில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுந்துவிடும். எங்கள் துறைத் தலைவி, நான் மேடம் என்று கூப்பிடுகிறவர், சேர்ந்த அன்றே இதைச் சொல்லித்தான் சாவியைக் கையில் கொடுத்தார். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

எங்கள் வீடு குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் இருந்தது. நான் ஊட்டியில் ஒரு விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன். அப்பா அங்கே ஃபேக்டரி ஃபிட்டர். அந்த நாட்களில்தான் தேயிலைக்கு விலை இல்லாமல் போனது. பச்சை இலையைக் கொண்டுபோய்ப் போட்டால் பறித்த கூலிக்கே கட்டவில்லை. சின்னத் தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலைச் செடி ஆள் உயரம் வளர்ந்து பூத்துக் காய்த்து நின்றதை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அது பயமாக இருந்தது. எங்கள் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு ஒரு நாள் ஓடியது, பிறகு சங்கு ஊதுவதே நின்றது. லைனில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். அப்பா மட்டும் தினமும் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்குப் போய், ஓடாத மிஷினுக்கு எண்ணெய் விட்டு வந்தார். மேனேஜர் குடும்பத்தோடு கீழே இறங்கிப் போனபோது பங்களா சாவியையும் அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

எஸ்டேட்டின் தலைமாட்டில் ஒரு சோலை இருந்தது. சோலை என்றால் பூங்கா இல்லை, எங்கள் மலையின் பழங்காடு. குட்டை மரங்கள், பாசி தொங்கும் கிளைகள், உள்ளே போனால் பகலிலும் சில்லென்று இருக்கும். அங்கேயிருந்து வரும் ஓடைதான் லைன் குழாய்க்குத் தண்ணீர். அந்தச் சோலைக்குள் ஒரு குருவி உண்டு. மேலே கருநீலம், வயிறு செம்பழுப்பு. பறக்கவே சோம்பல்படும், தரையோரமாகவே தத்தித் தத்திப் போகும். சோலையின் நிழலைத் தாண்டி வெளியே வராது. தேயிலைக்குள் வராது, நட்டு வளர்த்த மரத்துக்குள் குடியிருக்காது. சின்ன வயதில் விறகு பொறுக்கப் போகும்போது நான் அதைப் பார்த்திருக்கிறேன். லைனில் யாரும் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை.

சோலையை வெட்டி மரத்தை விற்பது, பிறகு அந்த இடத்தைக் காட்டேஜ் கட்டுகிறவர்களுக்கு விற்பது என்று கம்பெனி முடிவெடுத்தது. நம் ஊரில் சோலையை அப்படிச் சுலபமாக வெட்ட முடியாது. அதற்குக் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. அது சோலையே இல்லை, ஃபேக்டரி அடுப்புக்காகக் கம்பெனி நட்ட விறகுக் காடு என்று எழுதிக் கொடுத்தது. ஓரத்தில் சுற்றிலும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் சீகை மரமும் கம்பெனி நட்டதுதான். ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு அவைதான் தெரியும். அனுமதி கொடுக்க வேண்டிய கமிட்டி ரோட்டிலிருந்துதான் பார்த்தது.

லைன் ஆட்களைக் கூட்டி வைத்து, அந்த இடம் விற்றால் ஃபேக்டரி மறுபடி ஓடும் என்று கம்பெனி ஆள் சொன்னார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். எல்லோரும் தூக்கினார்கள். அப்பாவும் தூக்கினார். அம்மாதான் இதை எனக்குச் சொன்னாள். அப்பாவிடம் கேட்டதற்கு, "மிசினு ஓடோணும்ல கண்ணு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்குச் சோலை எப்படியோ அவருக்கு ஃபேக்டரி அப்படி.

அதே அப்பாதான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீ சொல்றாட்ட குருவிக நம்ம துரை பங்களாவுலயும் ஒரு பீரோ நெறைய இருக்குதே."

தட்டைத் தள்ளி வைத்தேன். அப்போதே அவரை எழுப்பிக்கொண்டு போனேன். பங்களாவின் பின்னறையில், கிழிந்த டென்னிஸ் வலைக்குப் பக்கத்தில் அந்தப் பீரோ நின்றது. எஸ்டேட்டை முதலில் வைத்த வெள்ளைக்காரத் துரை சுட்டுப் பாடம் செய்து வைத்த பறவைகள். ஃபேக்டரி கட்டுவதற்கும் முன்னால் பிடித்தவை. ஒரு இழுப்பறையை இழுத்தேன். அந்த நீலக் குருவி வரிசையாகப் படுத்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் முதல் பறவையின் லேபிளைப் படித்தேன். பழுப்பு மையில் எங்கள் சோலையின் பெயர், எங்கள் ஓடையின் பெயர், தேதி. கம்பெனி ஒரு மரமும் நடுவதற்கு முன்னால் எழுதிய தேதி. விறகுக் காட்டில் இந்தக் குருவி இருக்காது. ஒரு இழுப்பறை நிறைய இந்தக் குருவி அங்கே கிடைத்திருக்கிறது என்றால், அது அன்றைக்கும் சோலை.

மேடத்திடம் ஓடினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஆனால் கம்பெனி அனுமதி வரும்வரை தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு லேபிளைக்கூடத் திருப்பாதே, பிற்பாடு நாமே எழுதிக் கட்டிவிட்டோம் என்பார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். பழைய குருவிகளை மியூசியத்துக்குக் கொடுக்கும்படி ஒரு கடிதம் போட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கம்பெனித் தலைமை ஆபீஸ், குப்பை ஒழிந்தால் சரி என்ற தோரணையில் சீக்கிரமே சம்மதித்துவிடும் என்று நினைத்தோம்.

"அதை யாரும் தொடாமப் பாத்துக்குங்கப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அவ்வளவு பெருசா கண்ணு அது?"

"சோலை நிக்கறதும் விழுகறதும் அதுலதான் இருக்குது."

"அப்ப அது உன்ற மிசினு மாதிரி" என்றார். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

எங்கள் ஃபேக்டரியின் ஆயுத பூஜையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தீபாவளிகூட அதற்கு அப்புறம்தான். முதல் நாளே மிஷின்களை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்கள். ஒவ்வொரு மிஷினின் கழுத்திலும் போன வருடம் கட்டிய மஞ்சள் நூல் கறுத்து, எண்ணெய் பிசுக்கேறித் தொங்கும். அதில் கோத்த மாவிலையும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய நூலை அறுத்தெடுத்து, வெளியே போடாமல், தேயிலையைக் காய வைக்கும் டிரையர் அடுப்பில் போட வேண்டும். பூஜையன்று அடுப்பு எரியாமல் இருக்கக்கூடாது. பிறகு புது மஞ்சள் நூல் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். பழைய நூலோடு ஒரு மிஷினைப் பூஜையில் நிறுத்துவது அப்பாவுக்கு அழுக்குச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போவதைவிட மோசம். இதெல்லாம் அவர் கையால்தான் நடக்கும்.

அந்த வருடம் ஃபேக்டரி மூடிக் கிடந்தது. பூஜைக்குச் சந்தனம் வாங்கக்கூட கம்பெனி ஒன்றும் அனுப்பவில்லை. பூஜையன்று நான் ஊட்டியிலேயே இருந்தேன். மறுநாள் நானும் மேடமும் தலைமை ஆபீஸின் சம்மதக் கடிதத்தோடு ஜீப்பில் போய் இறங்கினோம். பின்னால் பஞ்சு போட்ட பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். அப்பா பங்களா வாசலில் வெள்ளை வேட்டியோடு, நெற்றி நிறைய விபூதியோடு நின்றிருந்தார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. "வாங்கம்மா, எல்லாந் தயாரா இருக்குதுங்க" என்று மேடத்தைக் கும்பிட்டார்.

பின்னறையில் வாழை இலைகளை விரித்து, அதன்மேல் பறவைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்திருந்தார். இறகெல்லாம் பளபளத்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஒவ்வொன்றின் காலிலும் புது மஞ்சள் நூல். லேபிள் எதிலும் இல்லை.

மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டது எனக்கே வேறு யாரோ கேட்பதுபோல இருந்தது.

"காலுல கட்டியிருந்ததெல்லாம் எங்கங்கப்பா?"

"அந்தப் பழைய நூலா? அழுக்கேறி மக்கிப் போயிருந்துது கண்ணு. அதை வெச்சுட்டு எப்புடிப் பூசை போடறது? அறுத்து டிரையர் அடுப்புல போட்டுட்டேன். ஓடாட்டிப் போவுது, அடுப்பாவது பத்தோணும்ல?"

நான் ஃபேக்டரிக்கு ஓடினேன். அடுப்பு வாயில் சாம்பல் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. கம்பியை விட்டுக் கிளறினேன். கையை விட்டுத் துழாவினேன். ஒரு விரல் அகல அட்டைகூட மிஞ்சவில்லை. பின்னாலேயே ஓடி வந்த அப்பா நிலைப்படியில் நின்று, "என்ன கண்ணு, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை, அவருக்கு இருக்கும். கத்திக்கொண்டிருக்கும்போதுதான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். சிவந்து தடித்திருந்தது. பழங்காலத்தில் பறவைத் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளே பாஷாணம் தடவுவார்கள். அந்த வெள்ளைப் பொடியைப் பூஞ்சை என்று நினைத்து வெறுங்கையால் துடைத்து எடுத்திருக்கிறார். கத்துவதை நிறுத்தாமலே அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். எதற்கு அழுகிறேன் என்று அப்போதும் அவருக்குப் புரியவில்லை.

லேபிளைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். பீரோவைத் தொட விடாதே என்றால் பறவையின் கால் நூலை அறுக்காதே என்றும் சேர்த்துச் சொல்ல யாருக்குத் தோன்றும்? புத்தி சொல்கிறவர்களுக்கு எல்லாம் முடிந்த பிறகு எல்லாம் தோன்றும்.

பறவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு திரும்பினோம். ஜீப் வெலிங்டனைத் தாண்டியதும் மேடம் மெதுவாகக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதே. உங்க அப்பாவும் ஃபேக்டரி திறக்கணும்னு இருக்கிறவர்தானே?"

ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. "ஏறும்மா, ஏறு" என்று அவர் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. ஊட்டி பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சோலை நிற்பதும் விழுவதும் அதில்தான் என்று நானே அவரிடம் சொன்னேன். அவர் கை தூக்கியவர். மிஷின் ஓட வேண்டும் என்றவர். ஊட்டி சேரிங் கிராஸ் ஸ்டாப் வருவதற்குள் எனக்கு என் அப்பாவையே தெரியாமல் போயிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட மேடத்தின் மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் மியூசியத்தில் பெட்டிகளைப் பிரித்தேன். பறவைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். நீலக் குருவியின் தலை ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அதன் இரண்டு கண்களுக்கும் நடுவில் கடுகு அளவில் ஒரு பொட்டு. தீக்குச்சி முனையால் வைத்தது. சந்தனம் இறகில் வழியவில்லை, குங்குமம் சந்தனத்தைத் தாண்டவில்லை. கழுத்து ஆடிக்கொண்டிருந்த ஒரு பறவைக்கு மெல்லிய செம்புக் கம்பியால் உள்ளே முட்டுக் கொடுத்திருந்தார். மஞ்சள் நூலை, கால் ஒடிந்துவிடாமல் அவ்வளவு தளர்வாக முடிந்திருந்தார். கெடுக்க நினைத்தவன் இழுப்பறையோடு தூக்கி அடுப்பில் கொட்டியிருப்பான். இவர் அந்த வருடம் தன் மிஷின்களுக்குச் செய்ய முடியாததை என் மிஷினுக்குச் செய்திருக்கிறார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மேடம் வந்து பார்த்தார், ஒரு பறவையைக் கையில் எடுத்துப் பொட்டைப் பார்த்தார், "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

கமிட்டி கூடுவதற்கு முந்தின வாரம் அப்பா மியூசியத்துக்கு வந்தார். அதற்குள் அம்மா அவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் காய்ந்த, பழுப்பேறிய அட்டைத் துண்டுகள். நூல் கோக்க ஓட்டைகூடப் போட்டிருந்தார்.

"டீத்தூள் டிகாசன்ல ஊறப் போட்டேன். பழசாட்டவே இருக்குது பாரு" என்றார். "நீ எழுதிக் கட்டிரு கண்ணு. உன்ற எழுத்து நல்லா இருக்கும்."

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விலை போகாத தேயிலைக்கு அவர் கண்டுபிடித்த உபயோகம்.

"அப்புடியெல்லாம் எழுதக் கூடாதுங்கப்பா."

"ஏன்? அந்தக் குருவிக எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? நீதான படிச்சே?"

"ஒண்ணுதாங்கப்பா படிச்சேன்."

"ஒண்ணு போதாதா? அந்தச் சோலைலதான நீ வெறகு பொறுக்குனே? நீ எழுதுனா அது பொய்யா?"

பொய் இல்லை. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அந்த அட்டைகளைக் கையில் வாங்கினேன். எழுதத் தோன்றவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். பேனா மேஜைமேலேயே இருந்தது. அறை முழுக்க இழுப்பறைகள். அவற்றில் இருக்கிற ஒவ்வொரு பறவையும் எங்கோ ஒரு காட்டுக்குச் சாட்சி. எங்கள் சோலைக்காக நான் ஒரு அட்டை எழுதினால், நாளைக்கு வேறு ஒரு காட்டை வெட்ட நினைக்கிறவன், லேபிளை அங்கே உட்கார்ந்து எழுதுகிறவள்தானே அவள் என்பான். என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கவரை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"சோலை போயிருமே கண்ணு."

"போயிரும்ப்பா."

"அப்ப ஆர் மேல உனக்குக் கோவம்?"

இன்றைக்கும் எனக்கு அது தெரியவில்லை.

கமிட்டியின் முன்னால் பறவைகளைக் கொண்டுபோய் வைத்தோம். நான் படித்த ஒரு லேபிளைப் பற்றி வாயால் சொன்னேன். லேபிள் எங்கே என்று கேட்டார்கள். எரிந்துவிட்டது என்றேன். என் வீடு எங்கே என்று கேட்டார்கள். அதே எஸ்டேட் என்றேன். ஒருவர் மஞ்சள் நூலைத் தூக்கிப் பார்த்து, "பூசையெல்லாம் பலமா நடந்திருக்கு போல" என்றார். மேஜையைச் சுற்றிச் சிரித்தார்கள். நான் சிரித்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அதனால் என்ன பிரயோஜனம்? கம்பெனிக்கு அனுமதி போய்ச் சேர்ந்தது.

தை முடிவதற்குள் சோலை கீழே விழுந்தது. ஓரத்திலிருந்த கற்பூர மரங்களை மட்டும் விட்டு வைத்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரியே இருந்தது. காட்டேஜ் கட்ட வந்தவர்கள் அஸ்திவாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஃபேக்டரி திறக்கவில்லை. ஒருநாள் லாரி வந்து அப்பாவின் மிஷின்களைப் பழைய இரும்பாக ஏற்றிப் போனது. அடுத்த கோடையில் ஓடை சுருங்கி, லைன் குழாயில் காற்றுதான் வந்தது. மிச்சமிருந்தவர்களும் கிளம்பினார்கள். அப்பாவும் அம்மாவும் வெலிங்டன் பக்கம் வாடகைக்கு வந்தார்கள். அங்கே ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை. அங்கேயும் ஆயுத பூஜைக்கு லிஃப்ட்டுக்குப் பொட்டு வைத்தார்.

அந்தப் பறவைகளுக்குப் புது லேபிள் நான்தான் எழுதினேன். இடம் என்ற வரியில் "தெரியவில்லை" என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் அதையே எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் சோலைப் பெயர் பேனா முனை வரை வந்து நின்றது. மஞ்சள் நூலை நான் அவிழ்க்கவில்லை. அதிலேயே லேபிளைக் கட்டினேன். பொட்டையும் துடைக்கக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். அந்தப் பறவைக்கு நடந்தது அதுவும்தான் என்றார்.

ரொம்ப நாள் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். பாடம் செய்த பறவையின் கால் விரலடியில் நகக்கீற்று அளவு தோலை வெட்டி எடுத்து, உயிரோடிருக்கும் பறவைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவள். எந்தப் பறவை எந்த மலைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று அதில் தெரியுமாம். பொட்டு வைத்த பறவைகளை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவள் கத்தியை வைத்தபோது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. முடிவு வரும்வரை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முடிவு வந்த அன்று நேரே வெலிங்டன் போனேன். அப்பா கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தெரிஞ்சிருச்சுங்கப்பா. அந்தக் குருவிக நம்ம மலையிலிருந்து வந்ததுதான். தெற்கே இருக்கற மலைக்குருவி வேற மாதிரியாம். இது நீலகிரிதான்னு நிச்சயமாச் சொல்லிட்டாங்க."

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்!" அவர் முகம் பூஜைக்கு மறுநாள் பங்களா வாசலில் பார்த்த முகமாக மாறியது. "நம்ம சோலைன்னு சொல்லுச்சா?"

"மலைதாங்கப்பா தெரியும். எந்தச் சோலைன்னு அதுல தெரியாது."

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். உள்ளே ஒரு கார் ஹாரன் அடித்தது. மறுபடி எழுந்துபோய் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, மூடிவிட்டு வந்தார். உள்ளங்கை இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"அப்ப நான் எரிச்சது எரிச்சதுதானா கண்ணு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காசா பணமா? அவர் அதைக் கேட்கத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருந்தார். ஆனால் அவரே ஊறவைத்துக் கொண்டுவந்த அட்டையில் எழுத மாட்டேன் என்று சொன்னவள் நான். அதே வாயால் அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

"ஆமாங்கப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். அம்மா வீட்டில் டீ வைத்திருப்பாள், போய்க் குடி என்றார்.